தனியாக ஆடினால் ஏன் சப்பென்று போகிறது? ஜாம்பி ஷூட்டர்களின் சிங்கிள் பிளேயர் கோளாறு

நாலு பேர் சேர்ந்து ஆடுவதற்கென்று வந்த ஜாம்பி ஷூட்டரைத் தனியாக ஆடிப் பார்த்தவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான். துப்பாக்கியில் குறையில்லை, கிராபிக்ஸில் குறையில்லை, ஜாம்பிகளும் அலை அலையாக வருகின்றன. ஆனாலும் இரண்டாவது மேப்பிலேயே அலுத்துவிடுகிறது. அடுத்தபடியாகத் திட்டு வாங்குவது கூட வரும் பாட்கள், அதாவது கணினியே ஆட்டுவிக்கும் துணை ஆட்கள். படிக்கட்டில் வழியை மறித்து நின்றது, நாம் கீழே விழுந்து கிடக்கும்போது தூரத்தில் திரியும் ஒற்றை ஜாம்பியைச் சுட்டுக்கொண்டிருந்தது, மருந்தைத் தனக்கே போட்டுக்கொண்டது என்று பட்டியல் நீளும். திட்டுவதில் தப்பில்லை. ஆனால் பாட்களுக்கு இன்னும் கொஞ்சம் மூளை வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. இந்த கேம்களின் விதிகளே நாலு பேரை நம்பி எழுதப்பட்டவை. மூன்று பேரைக் கழித்துவிட்டு விதிகளை மட்டும் அப்படியே வைத்துக்கொள்வதில்தான் கோளாறு தொடங்குகிறது.

எதிரிக்குத் தெரிந்த ஒரே வித்தை

சாதாரண ஷூட்டரில் எதிரி மறைவாக நிற்பான், பக்கவாட்டில் சுற்றி வருவான், கையெறி குண்டு வீசி நம்மை வெளியே வரவைப்பான். அப்படி இரண்டு பேர் இருந்தாலே ஐந்து நிமிடத்துக்கு நல்ல சண்டை கிடைக்கும். ஜாம்பிக்கு இதெல்லாம் வராது. நம்மைப் பார்த்ததும் நேராக ஓடி வருவது ஒன்றுதான் அதற்குத் தெரியும். அதனால் இந்த வகை கேம்களில் சுவாரஸ்யம் எதிரியின் புத்தியிலிருந்து வர முடியாது. எண்ணிக்கையிலிருந்து வரலாம், கூட ஆடும் மனிதர்களிடமிருந்து வரலாம்.

இதில் மனிதர்களின் பங்கு நாம் நினைப்பதைவிடப் பெரியது. ஒருத்தர் பதறிப்போய் காரில் சுட்டு அலாரத்தைக் கிளப்பிவிடுவார். இன்னொருத்தர் சாமான் தேடி தனியாக ஒரு அறைக்குள் போய் மாட்டிக்கொண்டு கத்துவார். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து விழுவார். ஆடி முடித்த பிறகு பேசிச் சிரிப்பதெல்லாம் இவற்றைப் பற்றித்தான். எத்தனை ஜாம்பி செத்தது என்பது யாருக்கும் நினைவில் இருக்காது. அதாவது கேமின் உள்ளடக்கத்தில் பாதியை ஆடுகிறவர்களே கொண்டுவருகிறார்கள். தனியாக ஆடுகிறவர் அந்தப் பாதி இல்லாத கேமை முழுப் பெட்டியாக வாங்குகிறார்.

இந்த வகையின் பிறப்பிலேயே இது தெரிகிறது. 2008 நவம்பரில் வந்த லெஃப்ட் 4 டெட்டின் விதை, கவுன்டர்-ஸ்ட்ரைக் என்ற ஷூட்டரில் டர்டில் ராக் என்ற தயாரிப்புக் குழு செய்து பார்த்த ஒரு பரிசோதனை. கையில் கத்தி மட்டும் வைத்திருக்கும் ஏராளமான பாட்களை, துப்பாக்கி வைத்திருக்கும் நாலைந்து மனிதர்கள் மேல் ஏவிவிட்டார்கள். முட்டாள்தனமாக ஓடி வரும் கூட்டம், நெருக்கடியில் ஒருவரையொருவர் நம்பியாக வேண்டிய சிறு குழு. கேம் அங்கேயே பிறந்துவிட்டது. ஜாம்பி வேஷம் பிறகு வந்தது.

லெஃப்ட் 4 டெட் எழுதிவைத்த விதி

பிறகு வந்த பெரும்பாலான கேம்கள் நகலெடுத்தது இதைத்தான் என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம். இதில் எல்லோரும் புகழ்வது ‘டைரக்டர்’ என்று பெயர் வைத்த பின்னணி மென்பொருளை. ஆடுகிறவர்கள் எவ்வளவு அடி வாங்குகிறார்கள், எவ்வளவு நெருக்கத்தில் ஜாம்பிகளைக் கொல்கிறார்கள் என்பதை வைத்து ஒவ்வொருவரின் பதற்றத்தையும் அது ஊகிக்கும். பதற்றம் உச்சத்துக்குப் போகும்வரை ஜாம்பிகளை அனுப்பும். உச்சத்தில் சில நொடிகள் வைத்திருக்கும். பிறகு அரை நிமிடம், முக்கால் நிமிடம் மூச்சு விட இடம் கொடுக்கும். அந்த மூச்சு விடும் நேரத்தில் நாலு பேர் இருந்தால் என்ன நடக்கும்? மருந்து பங்கு போடுவார்கள், யார் முன்னால் போவது என்று சண்டை போடுவார்கள், கிண்டலடிப்பார்கள். தனியாக ஆடுகிறவருக்கு அதே முக்கால் நிமிடம் வெறும் நடை. இடைவெளியை நிரப்ப ஆளில்லை.

டைரக்டரைவிட முக்கியம் என்று நான் நினைப்பது இன்னொன்று. ஹண்டர் என்ற சிறப்பு ஜாம்பி மேலே பாய்ந்து அமுக்கிவிட்டால் நீங்களாக விடுபட வழியே கிடையாது. ஸ்மோக்கர் என்ற இன்னொன்றின் நாக்கு கழுத்தைச் சுற்றி இறுக்கினாலும் அதே கதைதான். கூட இருக்கும் ஒருவர் வந்து தள்ளிவிட வேண்டும் அல்லது சுட வேண்டும். 2009இல் வந்த இரண்டாம் பாகத்தில் ஜாக்கியும் சார்ஜரும் சேர்ந்தன. அவற்றிடம் சிக்கினாலும் அடுத்தவர் கைதான் காப்பாற்ற வேண்டும். இது வெறும் எதிரிப் பட்டியல் கிடையாது. ‘கூட்டத்தை விட்டுப் பிரியாதே’ என்ற கட்டளையை வாயால் சொல்லாமல் எதிரிகளை வைத்தே சொல்லும் சாமர்த்தியம். ஆனால் தனி ஆட்டத்தில் இதே விதி உங்கள் உயிரை முழுக்க பாட்டின் கையில் கொடுத்துவிடுகிறது. நீங்கள் என்னதான் திறமைசாலியாக இருந்தாலும், அமுக்கப்பட்ட அந்தச் சில நொடிகளில் செய்வதற்கு எதுவுமில்லை; திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். மனிதர் வரத் தாமதித்தால் திட்டலாம், அவரும் பதிலுக்கு ஏதாவது சொல்வார். பாட் தாமதித்தால் யாரைத் திட்டுவது?

இன்னொரு சின்ன விதி இதைவிடக் கசப்பு. தனி ஆட்டத்தில் நீங்கள் இறந்துவிட்டால் ஆட்டம் அந்த இடத்தோடு முடிந்தது, மூன்று பாட்களும் உயிரோடு நின்றுகொண்டிருந்தாலும். மனிதர்கள் சேர்ந்து ஆடும்போது இறந்தவர் கொஞ்சம் முன்னால் ஏதோ ஒரு அறைக்குள் அடைபட்டுக் காத்திருப்பார், மற்றவர்கள் போய்க் கதவைத் திறந்து மீட்பார்கள். நம்பிக்கையும் திருப்பமும் நிறைந்த இந்த அம்சம் தனி ஆளுக்குக் கிடையவே கிடையாது.

பாட் எதற்காக இருக்கிறது?

முதல் பாகத்தில் பாட்கள் பைப் பாம்பையோ மொலோடோவ் என்ற பெட்ரோல் குண்டையோ எடுக்கவே எடுக்காது. இதைப் பலர் சோம்பேறித்தனம் என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு இது தெரிந்தே எடுத்த முடிவு என்றுதான் படுகிறது. பாட் தப்பான இடத்தில் தீ வைத்தால் ஆடுகிறவர் கொதித்துப்போவார். இந்த கேமின் செயற்கை அறிவு வேலையை முன்னின்று செய்த மைக்கேல் பூத் 2009இல் அதைப் பற்றிப் பேசியபோதே, அந்த பாட்கள் ஆளில்லாத இடத்தை நிரப்புவதற்காகச் செய்யப்பட்டவை, நம்பத்தகுந்தவையாக இருக்க வேண்டும் என்பதே குறிக்கோள், அதற்காக அவை ஏமாற்றவும் செய்யும் என்று விளக்கியிருக்கிறார். ரொம்பப் பின்தங்கிவிட்டால் பாட் நம் கண்ணில் படாமல் பக்கத்தில் தாவி வந்து நிற்பது அந்த ஏமாற்று வேலைகளில் ஒன்று.

‘ஆளில்லாத இடத்தை நிரப்புவது’ என்பதைக் கவனியுங்கள். நாலு பேரில் ஒருவருக்கு இணைப்பு அறுந்துபோனால், அவர் திரும்பி வரும்வரை மற்ற மூவரின் ஆட்டம் கெடக்கூடாது. அதற்குத்தான் பாட். அந்த வேலைக்கு அது அருமையான பாட். சிக்கல் என்னவென்றால், எப்படியும் செய்தாக வேண்டிய இந்த நிரப்பு ஆளை மூன்றாகப் பெருக்கினால் ஒரு சிங்கிள் பிளேயர் மோட் கிட்டத்தட்டச் செலவில்லாமல் கிடைத்துவிடுகிறது. பெட்டியின் பின்பக்கம் ‘ஒருவர் முதல் நால்வர் வரை’ என்று போட்டுவிடலாம். தனி ஆளுக்கென்று உண்மையிலேயே ஒரு கேம்ப்பெய்ன் செய்வதென்றால் வேறு லெவல்கள், வேறு வேகம், குரல் நடிப்பு, கதைக்காட்சிகள் என்று செலவு எங்கேயோ போகும். கணக்குப் பார்க்கும் நிறுவனம் எதைத் தேர்ந்தெடுக்கும் என்பதில் அதிசயமில்லை.

அதோடு பாட் நன்றாக ஆடினாலும் ஒரு சங்கடம் உண்டு. எல்லா ஜாம்பியையும் அதுவே குறி தவறாமல் சுட்டுத் தள்ளினால் நமக்கு வேலையில்லை. சரியாகச் சுடாவிட்டால் சுமை. இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய கோடு இருக்கிறது; அதில் நடந்து காட்டிய ஷூட்டர்கள் குறைவு. 2009இல் வந்த ரெசிடென்ட் ஈவில் 5இல் கூட வரும் ஷேவா லேசான காயத்துக்கே மருந்தைத் தெளித்துத் தீர்ப்பதும், அவர் செத்தால் நமக்கும் ஆட்டம் முடிவதும் நிறைய பேரை வெறுக்க வைத்தது. அதே கேமை நண்பரோடு ஆடியவர்களோ கொண்டாடினார்கள். 2012இன் ஆபரேஷன் ரக்கூன் சிட்டியில் கூட வரும் மூவரும் தீக்குள்ளும் கண்ணிகளுக்குள்ளும் தாங்களாகவே நடந்து போவார்கள். அவர்களை ‘இங்கே நில், அங்கே போ’ என்று ஏவவும் வழியில்லை.

2013இல் தி லாஸ்ட் ஆஃப் அஸ் இதற்கு ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தது. நாம் ஒளிந்திருக்கும்போது கூட வரும் எல்லி எதிரியின் காலடியிலேயே ஓடினாலும் எதிரி கண்டுகொள்ள மாட்டான். பார்க்கச் சிரிப்பாகத்தான் இருக்கும், ஆனால் துணைவரின் தவறுக்கு ஆடுகிறவர் தண்டனை அனுபவிக்கக்கூடாது என்ற முடிவு சரியானது. அது தனி ஆளுக்காகவே செய்த கேம் என்பதால் அப்படி யோசித்தார்கள்.

கணக்கில் வராத திசை

தனியாக ஆடினால் ஜாம்பிகளின் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். பல கேம்கள் அதைச் செய்கின்றன. கில்லிங் ஃப்ளோரில் ஆட்கள் கூடக்கூட ஒரு அலையில் வரும் உருப்படிகள் கூடும். ஸோம்பி ஆர்மி ட்ரிலஜியில் எத்தனை பேருக்கான கூட்டம் வேண்டும் என்று நாமே வைத்துக்கொள்ளலாம். உதவுகிறது, ஆனால் பாதிதான்.

எண்ணிக்கையை நாலால் வகுக்கலாம், திசையை வகுக்க முடியாது. நாலு பேர் நின்றால் ஆளுக்கொரு பக்கம் பார்ப்பார்கள். ஒருவருக்கு முதுகு என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். தனி ஆளுக்குப் பத்து ஜாம்பி வந்தாலும் அவை எந்தப் பக்கத்திலிருந்தும் வரலாம். அப்புறம் ரீலோட். குழுவில் ஒருவர் மேகஸின் மாற்றும்போது மற்ற மூன்று துப்பாக்கிகள் பேசிக்கொண்டிருக்கும். தனியாக இருந்தால் அந்த இரண்டு நொடி முழு நிசப்தம். நாலு பேருக்குச் சாதாரணமான துப்பாக்கி தனி ஆளுக்குப் பயனற்றதாகிவிடுவது இதனால்தான். ஆளுக்கொரு சிறப்பு வேலை என்று வகுப்புகள் பிரித்திருக்கும் கேமில் இன்னும் மோசம். கில்லிங் ஃப்ளோரில் மெடிக்காகத் தனியே இறங்கிப் பாருங்கள்; அடுத்தவருக்கு மருந்து சுடும் துப்பாக்கியை வைத்துக்கொண்டு யாருக்குச் சுடுவது? கயிறு இழுக்கும் போட்டியில் எதிரணியை ஓர் ஆளாகக் குறைத்துவிட்டு, கயிற்றின் நீளத்தை மட்டும் அப்படியே விட்ட மாதிரி.

2018 நவம்பரில் வந்த ஓவர்கில்ஸ் தி வாக்கிங் டெட் இதில் ஓர் உச்சம். சத்தம் போட்டால் மேலும் கூட்டம் வரும் என்பது அதன் மைய விதி. நல்ல யோசனைதான், நாலு பேர் பேசி வைத்துக்கொண்டு அமைதியாக நகர்ந்தால். தனியாகப் போனால் துணைக்கு பாட் கூட இல்லை. சில மாதங்களிலேயே உரிமம் வைத்திருந்தவர்கள் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டார்கள், கன்சோல் பதிப்பு வெளிவரவே இல்லை. விழுந்ததற்கு வேறு பல காரணங்களும் உண்டு. தனி ஆளுக்குக் கதவு மூடியிருந்தது அதில் ஒன்று.

பாட் இல்லாமல் ஜெயித்தவை

இதற்கு நேர்மாறான உதாரணம் கால் ஆஃப் டியூட்டியின் ஜாம்பி மோட். 2008இல் வேர்ல்ட் அட் வாரின் கேம்ப்பெய்னை முடித்தவர்களுக்கு உபரியாகக் கிடைத்த சின்ன மேப்பாகத்தான் அது தொடங்கியது. தனியாக ஆடினால் துணைக்கு யாருமில்லை, பாட் இல்லை, கதையும் பெயருக்குத்தான். இந்தக் கணக்கில் பார்த்தால் படுமோசமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அதைத் தனியாகவே ஆண்டுக்கணக்கில் ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

காரணம் அதன் ஜாம்பிகளில் இருக்கிறது. பெரும்பாலானவை உங்களைப் பிடித்து அமுக்குவதில்லை, அடிக்கத்தான் செய்யும். எனவே உங்கள் கை எப்போதும் உங்களிடமே இருக்கிறது. திறந்த இடத்தில் வட்டமாக ஓடி அத்தனை ஜாம்பிகளையும் பின்னால் ஒரே ரயிலாகக் கோத்து, திரும்பி நின்று ஒரே மூச்சில் சுடுவது என்று ஒரு வித்தையே வளர்ந்தது. கூட்டமாக ஆடும்போது நாலு பேர் குறுக்கும் நெடுக்கும் ஓடுவதால் அந்த ரயில் கலைந்து போகும். தனி ஆளுக்குத்தான் அது முழுசாக வசப்படும். முன்பு சொன்ன திசைப் பிரச்சினையை ஆடுகிறவரே தீர்த்துக்கொள்ள அந்த கேம் வழி விட்டிருக்கிறது.

இன்னொன்று, தயாரிப்பாளர்கள் விதியைத் தொட்டார்கள். முதலில் ‘குயிக் ரிவைவ்’ என்ற பானம் விழுந்த நண்பரைச் சீக்கிரம் எழுப்புவதற்கு மட்டுமே. தனி ஆளுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, விழுந்தால் கதை முடிந்தது. 2010இல் பிளாக் ஆப்ஸ் வந்தபோது அதே பானம் தனி ஆட்டத்தில் விழுந்தவரைத் தானாக எழுப்பும்படி மாற்றினார்கள். மூன்று முறை, அதோடு அந்த இயந்திரம் மறைந்துவிடும். விலையும் 1500 புள்ளியிலிருந்து 500 ஆனது. எவ்வளவு சின்ன மாற்றம்! செயற்கை அறிவில் ஒரு வரி எழுதாமல், மூன்று பாட்கள் செய்ய வேண்டிய வேலையை ஒரு விதி செய்துவிட்டது. நான் இந்தக் கட்டுரை முழுக்கச் சுற்றிச் சுற்றிச் சொல்ல வருவதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஆனால் அவர்களும் எல்லா இடத்திலும் இப்படி யோசிக்கவில்லை. 2011இன் அசென்ஷன் மேப்பில் மறைந்திருந்த புதிரின் ஒரு படியில் நாலு பொத்தான்களை ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். நாலு ஆள் இல்லாவிட்டால் கதையின் அந்தப் பகுதியையே பார்க்க முடியாது.

மறுபக்கம் 2019இன் ரெசிடென்ட் ஈவில் 2. அதில் குறுகலான நடைபாதையில் ஒரே ஒரு ஜாம்பி நின்றாலே அது ஒரு கணக்கு. தலையில் எத்தனை குண்டு வாங்கினால் சாகும் என்று நிச்சயமில்லை, கையில் குண்டுகள் குறைவு, கொல்லாமல் விட்டால் திரும்பி வரும்போதும் அங்கேயே இருக்கும். முப்பது ஜாம்பி செய்யாததை அந்த ஒன்று செய்கிறது. கூட்ட கேமின் எண்ணிக்கையை மட்டும் குறைத்துப் பார்ப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான்: தனி ஆளுக்கு ஜாம்பி பயம் தருவது பற்றாக்குறையால்.

பேக் 4 பிளட்: தெரிந்தே செய்த தண்டனை

லெஃப்ட் 4 டெட்டைச் செய்த அதே டர்டில் ராக் 2021 அக்டோபரில் பேக் 4 பிளட்டை வெளியிட்டபோது தனி ஆட்டக்காரர்கள் கொதித்ததற்குக் காரணம் பாட்கள் அல்ல. தனியாக ஆடினால் கார்டுகளைத் திறக்க உதவும் சப்ளை பாயின்ட் கிடையாது, சாதனைகள் பதிவாகாது. திறனைக் கூட்டும் கார்டுகள் எல்லாம் தனி ஆட்டத்தில் முதலிலேயே திறந்திருக்கும், ஆனால் நீங்கள் முடித்த எதுவும் மற்ற மோடுகளில் கணக்கில் வராது. போதாததற்கு, தனியாக ஆடவும் இணைய இணைப்பு வேண்டும்.

அவர்கள் பக்கம் ஒரு நியாயம் இருந்திருக்கலாம். கார்டுகளும் உடைகளும் உழைத்துச் சம்பாதிக்க வேண்டியவை என்றால், தனியறையில் சுலபமாகச் சேர்த்துக்கொண்டு வருகிறவர்களால் அந்தப் பொருளாதாரம் கெடும். ஒரு ஷூட்டரில் ஆளோடு ஆள் மோதும் பகுதி இருந்தால் இந்தக் கவலை இன்னும் கூடும். சரி, ஆனால் விளைவைப் பாருங்கள். எல்லாக் கார்டும் கையில் இருக்கிறது, சம்பாதிக்க எதுவுமில்லை. முன்னேறும் உணர்வை மையமாக வைத்துச் செய்த கேமில் முன்னேற்றத்தையே எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது பயிற்சி மைதானம். தனியாக ஆடுகிறவர்களை வாடிக்கையாளராகப் பார்க்காமல் திருடராகப் பார்த்த ஏற்பாடு என்றுதான் நான் சொல்வேன். எதிர்ப்பு பலமாக இருந்தது; அந்த டிசம்பரிலேயே முன்னேற்றத்தோடு கூடிய ஆஃப்லைன் தனி ஆட்டத்தைக் கொண்டுவந்தார்கள். இரண்டு மாதத்தில் செய்ய முடிந்ததை முதல் நாளே செய்திருக்கலாமே என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது. நியாயத்துக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: பிடியில் சிக்கினால் தானே விடுபட உதவும் ஸ்டன் கன் அதில் இருந்தது. லெஃப்ட் 4 டெட்டின் பழைய ஓட்டையை அடைக்கத் தெரிந்திருந்தது அவர்களுக்கு.

கதையும் மேப்பும்

மற்ற குறைகளைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். 2011இன் டெட் ஐலேண்டில் நீங்கள் ஒற்றை ஆளாகத் தீவு முழுக்க அலைவீர்கள். கதைக்காட்சி வந்ததும் இல்லாத மூன்று பேர் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். காட்சி முடிந்ததும் மறுபடி மாயம். தனி ஆளுக்கென்று இன்னொரு தடவை காட்சி எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

2016இன் அம்ப்ரெல்லா கோர்ஸ் மூவர் மூவராக மோதும் கேம். அதன் சிங்கிள் பிளேயரான ‘தி எக்ஸ்பெரிமென்ட்’, அதே மோதல் மேப்புகளில் ஜாம்பிகளைக் கொட்டி, கொன்று மாதிரி சேகரிக்கச் சொல்லும் சிறு சிறு வேலைகளின் கோவை. மோதலுக்கான மேப் வட்டமாகச் சுற்றி வரும்படி, பல வழிகள் பின்னிக் கிடக்கும்படி கட்டப்படும். மனித எதிரி எங்கிருந்து வருவான் என்பதே அங்கே பதற்றம். அதில் ஒருவரைத் தனியாக விட்டால் போவதற்கு ஓர் இடமில்லை, வந்து சேர்வதற்கு ஒரு முடிவுமில்லை. அந்த மோட் கடுமையாக விமர்சிக்கப்பட்டதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

தனியாக ஆடத்தான் வாங்குகிறீர்கள் என்றால் பாட் உண்டா என்று பார்ப்பதைவிட வேறு சிலவற்றைப் பார்ப்பது நல்லது. விழுந்தால் நானே எழ வழி இருக்கிறதா? எதிரி பிடித்தால் நானே விடுபட முடியுமா? இணையம் இல்லாமல் ஓடுமா, நடுவில் பாஸ் செய்ய முடியுமா? சர்வரோடு கட்டிப்போட்ட கேம்களில் தனியாக ஆடும்போதும் நிறுத்தி வைக்க முடியாமல் போவதுண்டு. நான் சேர்ப்பது எனக்கே தங்குமா?

இணையம் பற்றிய கேள்வி வெளிவந்த வாரத்தில் பெரிதாகத் தெரியாது. ஐந்து வருடம் கழித்து, ஆடக் கூட்டாளிகள் கிடைக்காமல் லாபி காலியாகக் கிடக்கும்போது, அந்த கேமில் மிஞ்சுவது தனி ஆட்டம் மட்டும்தான். லெஃப்ட் 4 டெட் 2 இன்றும் உயிரோடு இருப்பதற்கு, ஆஃப்லைனில் ஓடுவதும் அதை ரசிகர்கள் திருத்த முடிவதும் முக்கியக் காரணங்கள். 2020 செப்டம்பரில் ரசிகர்களே உருவாக்கிய பெரிய அப்டேட் ஒன்றை அதன் வெளியீட்டாளரான வால்வ் அதிகாரபூர்வமாகவே வெளியிட்டது. பாட்களைச் சரிசெய்ய ரசிகர்கள் எழுதிய திருத்தங்கள் (மாட்கள்) ஸ்டீம் கடையின் வொர்க்‌ஷாப் பகுதியில் இலவசமாகக் கிடைக்கின்றன. தனியாக ஆடப் போகிறவர்கள் கேமை இறக்கிய கையோடு அவற்றில் ஒன்றையும் போட்டுக்கொள்வது நல்லது.